சுவரில் ஏழு, காகிதத்தில் பன்னிரண்டு

கேள்வி:

ஐயா, நான் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 14 வருடம் ஆகிறது. இப்போது வடமாநிலம் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஸ்டேஷன் விருந்தினர் அறைகளுக்கு ஏசி வாங்கியதைச் சரிபார்க்கும் போர்டுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். பில்லில் 12 ஏசி. அறை அறையாகப் போய்ப் பார்த்தேன், ஏழுதான் இருக்கிறது. மீதி ஐந்தும் எங்கள் ஜி.ஓ.சி. (இங்குள்ள படைத் தளபதி) சொந்த ஊரில் கட்டும் வீட்டுக்குப் போய்விட்டதாக எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவர் மேஜர் ஜெனரல். ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறார். என்னைக் கூப்பிட்டு, "போர்டை முடித்துக் கொடுத்துவிடு, போன மாதத் தேதியே போட்டுக்கொள்" என்றார். உறுப்பினராக இருக்கும் சுபேதார் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை ஐயா. போன வருடம் என் அப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது ஒரே போனில் எனக்கு லீவு, அப்பாவுக்கு ராணுவ மருத்துவமனையில் இடம் எல்லாம் ஏற்பாடு செய்தவர். செஞ்சோற்றுக்கடன் என்று ஒன்று இருக்கிறதே. பணமும் அரசுப் பணம் இல்லை, படையினரின் பொது நிதியான ரெஜிமென்டல் ஃபண்ட்தான். "மும்பை ஆதர்ஷ் கட்டடத்தில் தலைமைத் தளபதிகளே ஃபிளாட் வாங்கினார்கள், ஐந்து ஏசிக்காக நம் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று என் மனைவி கேட்கிறார். கர்னல் பதவிக்கான தேர்வு போர்டு எனக்கு அடுத்த வருடம். கையெழுத்துப் போடலாமா?

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டு, கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். ராணுவத்தின் சட்டப் பிரிவில் 22 வருடம் இருந்துவிட்டு, இப்போது சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்காடுகிறவன் நான். இந்த மாதிரிக் காகிதங்களின் மறுமுனையை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சர்வீஸில் இருந்தபோது ஒரு கோர்ட் மார்ஷலில் நான் அரசுத் தரப்பில் நின்றேன். வடக்கே ஒரு கன்டோன்மென்ட், டிசம்பர் மாதம். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு மேஜர். உங்களைப் போலவே ஒரு போர்டின் தலைவர். வராத கூடாரத் துணியை வந்ததாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். குற்றவாளிக் கூண்டுக்கு வருகிறவர் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்தான் வர வேண்டும், உங்களுக்குத் தெரியும். பெல்ட் இருந்த இடத்தில் சட்டை கசங்கிப்போய், இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. "வாய்மொழி உத்தரவு இருந்தது" என்றார். உத்தரவிட்டதாகச் சொல்லப்பட்ட மேலதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி, மிக மரியாதையாக, "அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை" என்றார். அவரைக் குறுக்கு விசாரணை செய்து ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. மேஜரின் மனைவி மூன்று நாளும் தாழ்வாரத்து பெஞ்சில் டிபன் கேரியருடன் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை அந்த கேரியரைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வழக்கில் தண்டனை வாங்கிக்கொடுத்தவன் நான். சட்டப்படி அது சரியான தீர்ப்புதான். ஆனால் தப்பின் முழு எடையும் அந்த அறையில் இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

நம் படையில் ஒரு ஜெனரல் தன் கையால் பொய்க் கணக்கு எழுத வேண்டிய அவசியமே வருவதில்லை. அவருக்கும் அந்தக் கணக்குக்கும் நடுவில் ஒரு பிரிகேடியர், ஒரு கர்னல், ஒரு போர்டு, ஒரு சுபேதார் இருக்கிறார்கள். அவர் சொல்வதோடு சரி, எழுதுகிறவர் வேறொருவர். மேலே இருப்பவர்களின் நேர்மையைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், அது காக்கப்படுவதும் கெடுவதும் அவர்களுக்கு இரண்டு மூன்று படி கீழே பேனாவைப் பிடித்திருப்பவரின் மேஜையில்தான். இன்று அந்த மேஜை உங்களுடையது.

சட்டத்தைச் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 57ஆவது பிரிவு: தான் கையெழுத்திடும் அறிக்கை, சான்றிதழ், புத்தகம் எதிலும் தெரிந்தே பொய் எழுதுகிறவருக்கு 14 வருடம் வரை சிறை. பழைய தேதியைப் போடுவதும் பொய்தான். கீழ்ப்படியாமைக்கான 41ஆவது பிரிவைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அதிலேயே இருக்கும் ஒரு சொல்லைக் காட்டுங்கள்: சட்டபூர்வமான உத்தரவு. பொய் எழுதச் சொல்லும் உத்தரவை உலகத்தில் எந்த ராணுவ நீதிமன்றமும் சட்டபூர்வமானது என்று ஏற்காது. ரெஜிமென்டல் ஃபண்ட்தானே என்ற சமாதானமும் நிற்காது. சொத்துக் குற்றங்களுக்கான 52ஆவது பிரிவு அரசுச் சொத்தோடு மெஸ், பேண்ட், ராணுவ நிறுவனங்களின் சொத்தையும் சேர்த்தே சொல்கிறது. இன்னொன்று. அந்த ஃபண்டில் இருப்பது ஜவான்களின் காசு. கேன்டீனில் சோப்பு வாங்கியவனின் பணமும் அதில் இருக்கிறது. அரசுப் பணத்தைவிட அதில் கை வைக்கத்தான் கூச்சம் அதிகம் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள். அதிகாரிக்கு ஓய்வூதியம் வர 20 வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு ஆகியிருப்பது 14. வழக்கு தொடரக் காலவரம்பு மூன்று வருடம்தான், ஆனால் அது குற்றம் அதிகாரிகளுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் எண்ணப்படலாம். ஒரு ஆடிட் நான்கு வருடம் கழித்து அந்த அறைகளுக்குள் நுழைந்தால், அன்றைக்கு ஜி.ஓ.சி. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பார். ராணுவச் சட்டப்படி அவர் மீது விசாரணை தொடங்க முடிவது ஓய்வு பெற்று மூன்று வருடத்துக்குள்தான், அந்த வரம்பு அதற்குள் தாண்டியிருக்கும். அப்போது கதவைத் தட்டுவது சர்வீஸில் இருப்பவரின் வீட்டில்தான்.

ஆதர்ஷ் பற்றி உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. கொலாபாவில் எழுந்த 31 மாடிக் கட்டடம். ராணுவத்தின் இரண்டு முன்னாள் தலைமைத் தளபதிகள், கடற்படையின் ஒரு முன்னாள் தளபதி ஆகியோர் பெயரில் அங்கே ஃபிளாட்டுகள் இருந்தது 2010இல் வெளிவந்தது. திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்று மூவருமே சொன்னார்கள். அந்த நிலம் கார்கில் வீரர்களின் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்றுதான் ஊரெல்லாம் பேசினார்கள். பின்னால் வந்த விசாரணை ஆணையம் அது மாநில அரசின் நிலம், கார்கில் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சட்டப்படி எது எப்படி முடிந்தாலும் எனக்கு அதில் மிகப் பெரிய சேதமாகப் படுவது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு அதிகாரியின் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், "அவர்களே வாங்கினார்கள்" என்று ஒரு வாதமாக அது வந்து உட்கார்ந்துவிட்டது. தளபதிகள் செய்யும் காரியம் அவர்களோடு முடிவதில்லை. அது கீழே வரும், வர வரச் சிறியதாகிக்கொண்டே போகும், கடைசியில் ஐந்து ஏசியாக நிற்கும். இப்போது நீங்கள் கையெழுத்திட்டால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த சுபேதார் நாளை எதற்கு அதை வாதமாக எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

செஞ்சோற்றுக்கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த சொல் அதுதான். அப்பாவின் உயிர் சம்பந்தப்பட்ட உதவி. அதை லேசாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தம்பி, சோறு யாருடையது? லீவு விதிப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடியது. மருத்துவமனைக் கட்டில் ராணுவத்தினுடையது, உங்கள் அப்பாவுக்கு அதில் படுக்கச் சட்டப்படி இடம் உண்டு. ஜி.ஓ.சி. செய்தது, தாமதமாகியிருக்கக்கூடிய ஒன்றை ஒரு போனில் வேகப்படுத்தியது. அது நல்ல மனசு, அதற்கு நன்றி வேண்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் நீங்கள் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள், அது நன்றி. உப்புப் போட்டது நாடு. அந்தக் கடனை எடுத்து வேறொருவர் கணக்கில் வரவு வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. நம் கதைகளில் அண்ணனுக்காக உயிரையே விட்ட கும்பகர்ணன்கூட, முதலில் சபையில் நின்று நீ செய்தது தப்பு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னவன்தான்.

முகத்துக்கு நேரே சொன்னவர்கள் நம் படையிலும் இருந்திருக்கிறார்கள். 1962 செப்டம்பரில் வடகிழக்கு எல்லையில் தாக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களைத் துரத்த வேண்டும் என்று டெல்லியிலிருந்து அழுத்தம் வந்தது. அந்தப் பகுதி அப்போது 33ஆவது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) பொறுப்பு. அதன் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங். குளிர்கால உடை இல்லை, பீரங்கி இல்லை, சப்ளை இல்லை, இந்த நிலையில் முடியாது என்று அவர் எழுத்திலேயே ஆட்சேபம் தெரிவித்தார். பலன்? புதிதாக 4ஆவது கோர் என்று ஒன்றை உருவாக்கி, அந்தப் பகுதியை அவர் கையிலிருந்து எடுத்து, லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கவுலிடம் கொடுத்தார்கள். அக்டோபர் 20 அன்று நம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேட் சிதைந்தது.

அந்தக் காலத்தில்தான் நம் வெல்லிங்டனில், ஸ்டாஃப் காலேஜின் கமாண்டன்டாக இருந்த மானெக்‌ஷா மீது ஒரு விசாரணை நடந்தது. மனதில் பட்டதைப் பேசுகிறவர் என்பதுதான் அதன் அடிப்படை. அவர் விடுவிக்கப்பட்டார். போரில் தோற்ற பின்பு கவுல் போய், அதே 4ஆவது கோரைத் தூக்கி நிறுத்த அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உண்மை பேசினால் உயர்வு வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஒருவருக்கு வந்தது. இன்னொருவர் கையிலிருந்து பொறுப்பையே பிடுங்கினார்கள்.

அதே 33ஆவது கோரின் பெயர் பல வருடம் கழித்து வேறு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் வந்தது. இப்போது அதன் தலைமையகம் இருப்பது சிலிகுரி பக்கத்தில் சுக்னாவில். ராணுவ நிலையத்தை ஒட்டிய தேயிலைத் தோட்ட நிலம், ஏறத்தாழ 70 ஏக்கர். அதில் கட்டடம் கட்டத் தனியாருக்குத் தரப்பட்ட ஒரு தடையில்லாச் சான்று. ஒரு காகிதம். அதை வைத்து ஜெனரல்கள் மீது கோர்ட் மார்ஷல் நடந்தது. கோர் கமாண்டராக இருந்தவருக்கு 2011இல் தண்டனை வந்தது, 2014இல் தீர்ப்பாயம் அவரை விடுவித்தது. ராணுவத் துணைத் தளபதிகளில் ஒருவராகப் போக இருந்தவர் அவர்; அந்தப் பதவி திரும்ப வரவில்லை. தப்பு செய்யவில்லை என்று தீர்ப்பு வந்தவருக்கே ஒரு காகிதம் அவ்வளவு செய்யும்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

ஐந்து ஏசி எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியாது. ஊர் பேசுவதுதான் தெரியும். பழுதுபார்க்கப் போயிருக்கலாம், வேறு மெஸ்ஸில் மாட்டியிருக்கலாம், சப்ளையர் இன்னும் அனுப்பாமலே பில் போட்டிருக்கலாம். சுவரில் ஏழு இருக்கிறது என்பது மட்டும்தான் நீங்கள் கண்ணால் பார்த்தது. எனவே போர்டில் அதை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தேதியில் எண்ணினோம், எந்த அறையில் எந்த சீரியல் நம்பர், மொத்தம் ஏழு, பில்லில் பன்னிரண்டு, வித்தியாசம் ஐந்து. யார் எடுத்தார் என்ற சொல்லே அதில் வரக்கூடாது. அதைக் கண்டுபிடிப்பது போர்டின் வேலை இல்லை.

எழுதுவதற்கு முன்னால் ஜி.ஓ.சி.யைத் தனியாகப் போய்ப் பாருங்கள். இதைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு உதவியவருக்கு நீங்கள் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை அது. அவருடைய உதவி அதிகாரி (ஏ.டி.சி.) வெளியே போகும் வரை காத்திருந்து, நின்றுகொண்டே சொல்லுங்கள்: "சார், எண்ணிப் பார்த்துவிட்டேன். ஏழுதான் இருக்கிறது. பன்னிரண்டு என்று என்னால் எழுத முடியாது. தேதியையும் மாற்ற முடியாது." அவ்வளவுதான். வீட்டைப் பற்றி, ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நான் பார்த்தவரை, இந்த இடத்தில் பலர் தடுமாறி நிற்பார்கள், சிலர் திரும்பிவிடுவார்கள். ஒரு முறை ஒரு ஸ்டேஷனில், இப்படிச் சொன்ன நான்காம் நாள் காலையில் ஒரு டெம்போ வந்து நின்றது, தொலைந்ததாகச் சொன்ன சாமான் அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் அப்படி வந்தாலும் ஜாக்கிரதை: வந்த தேதியைத்தான் எழுத வேண்டும். முன்பே இருந்தது என்று எழுதினால் அதுவும் 57தான். பொருள் வராமலே பணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், அதுவும் போர்டில் ஏற வேண்டும்.

அவர் கோபப்பட்டால் வாதாடாமல் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வாருங்கள். அன்றே, மறுநாள் வரை தள்ளாமல், அவர் பெயருக்கே ஒரு குறிப்பு அனுப்புங்கள். நான்கு வரி போதும். இன்ன தேதியில் தாங்கள் வாய்மொழியாகச் சொன்னது, நான் எண்ணியது, இந்த நிலையில் போர்டை இப்படித்தான் முடிக்க இயலும் என்பது. அனுப்பியதற்கான பதிவு இருக்கட்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்ததே சாட்சி. 2012 மார்ச்சில், அப்போதைய ராணுவத் தளபதி வி.கே. சிங், லாரி கொள்முதலை அனுமதிக்கத் தனக்கு 14 கோடி ரூபாய் லஞ்சம் தர முன்வந்தார்கள் என்று பேட்டி கொடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி மாநிலங்களவையில், ஆம், அவர் என்னிடம் முன்பே சொன்னார், நடவடிக்கை எடுங்கள் என்றேன், எழுத்தில் புகார் எதுவும் வரவில்லை என்றார். இரண்டு பேரையும் நான் நேர்மையானவர்கள் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவிலேயே, எழுதாததால், ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அழுத்தம் தொடர்ந்தால் அடுத்த மேலதிகாரிக்கு எழுதுங்கள். தளபதியின் நேரடிப் பொறுப்பில் ஒரு விஜிலன்ஸ் பிரிவும் இப்போது தலைமையகத்தில் இருக்கிறது. பெயர் போடாத கடிதம் எழுதாதீர்கள், அதற்கு மதிப்பு இல்லை. பத்திரிகைக்காரர் யாரிடமும் பேசாதீர்கள், ராணுவ விதி 21 அதைத் தடுக்கிறது. உங்கள் நல்ல வழக்கு அன்றோடு கெட்டுவிடும்.

கர்னல் தேர்வைப் பற்றிய உங்கள் பயம் பொய்யில்லை. அங்கே கனப்பது சி.ஆர்., அதாவது மேலதிகாரிகள் உங்களைப் பற்றி எழுதும் ரகசிய மதிப்பீட்டு அறிக்கை. உங்களுக்கு ஜி.ஓ.சி. ரிவ்யூயிங் ஆபீஸராக, அதாவது அந்த மதிப்பீட்டை மறுபரிசீலிப்பவராக, இருப்பார் என்று நினைக்கிறேன். அவர் எழுதும் பகுதி உங்களுக்குக் காட்டப்படாது. 2008இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு எல்லா மதிப்பீட்டையும் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, ராணுவ அதிகாரிகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. மதிப்பெண் பெட்டியில் ஒன்பதுக்குப் பதில் ஏழு என்று ஒரு எண் விழுந்தாலும் தேர்வு போர்டில் அது கனக்கும். மாற்று வழி உண்டு: முதலில் துறைக்குள் புகார், பிறகு ராணுவச் சட்டம் 27இன் கீழ் மத்திய அரசுக்கு முறையீடு, அதற்கும் மேல் தீர்ப்பாயம். 14 வருடம் சீராக வந்த சி.ஆர்.களுக்கு நடுவில் ஒன்று மட்டும் காரணமில்லாமல் சரிந்திருந்தால், அதை நீக்கச் சொல்லி வாதாட முடியும். அங்கே உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம், அந்த சி.ஆர். எழுதப்படுவதற்கு முன் தேதியிட்ட உங்கள் நான்கு வரிக் குறிப்பு. ஆனால் இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும். உங்கள் பேட்ச்மேட் முதலில் கர்னல் ஆகலாம். அதை வீட்டில் இப்போதே, இருவரும் உட்கார்ந்து, பேசிவிடுங்கள். நாளை அது திடீரென்று வந்து உங்கள் மனைவியை அடிக்கக் கூடாது.

கடைசியாக சுபேதார் சாப். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஜெனரல் சொன்ன காகிதத்தை அவர் எப்படி மறுப்பார்? நீங்கள் இன்னும் கையெழுத்திடாத வரை அந்தப் பழைய போர்டு முழுமையாகவில்லை. அதைக் கிழிக்காதீர்கள், ஃபைலில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலை அவரையும் இன்னொரு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு மறுபடி முதல் அறையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சீரியல் நம்பரை அவரே வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். புது ப்ரொசீடிங்ஸில் அன்றைய தேதியில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு பேனாவை அவர் பக்கம் நீட்டுங்கள்.